ஏழு தண்ணீரில் கழுவிய ஓடு

மகனே,

உன் சுகம் விசாரித்து இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய். சனிக்கிழமை மேல் ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறாய். குளிர் உடுப்பு வாங்கியாயிற்று, தங்கும் அறைக்கு எழுதியாயிற்று, போகிற ஊரில் பூசை எந்தக் கோயிலில் என்றுகூட விசாரித்து வைத்திருக்கிறாய். எல்லாவற்றையும் தொலைபேசியில் சொன்னாய். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டாய். அதை நான் செல்வமலரின் வாயால் கேட்க நேர்ந்தது. அதனால்தான் எழுதுகிறேன். இந்த உறையை நான் ஒட்டவில்லை. உனக்கு முன்னால் இதை வாசிக்க வேண்டியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காக, நீ அறிந்த கதையையும் முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாக வாசி.

சண்டை முடிந்து நாங்கள் பள்ளிமுனைக்குத் திரும்பி வந்தபோது வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. தகரம் போட்டு உள்ளே போனோம். அடுத்த வருடம் உன் அப்பா போய்விட்டார். அதன் பிறகு கரையில் நண்டுக் கம்பனி வந்தது. நண்டை அவித்துச் சதையை எடுத்து டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். மீளக்குடியேறிய பெண்களுக்கு வேலை கிடைத்தது, அதற்கு நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சதை கப்பலேறியபின் ஓடு எங்கே போனது? உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவந்து எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் கண்டல் மரங்களின் ஓரமாகக் கொட்டினார்கள். காகமும் நாயும் இலையான் ஈக்களும் அங்கே குடியேறின. கச்சான் காற்றும் சோளகக் காற்றும் மாறி மாறி அந்த நாற்றத்தைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தன. முப்பது வருடம் மாவட்டக் கச்சேரியில் தட்டெழுத்து அடித்தவள் நான். ஒரு வெட்டுக்கூட இல்லாமல் எத்தனை முறைப்பாடு அடித்து அனுப்பினேன் என்பது எந்தெந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனதோ அவர்களுக்குத் தெரியும். பதில் வரவில்லை. கடைசியில் உனக்கு எழுதினேன். நீ பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் படிப்பிக்கிறாயே, இந்த நாற்றத்துக்கு உன் புத்தகத்தில் ஏதாவது மருந்து இருக்கிறதா என்று குத்தலாகத்தான் கேட்டேன்.

நீ வந்தாய். அந்தக் குவியலுக்கு முன்னால் மூக்கைப் பொத்தாமல் நின்றாய். அன்றைக்கு உன்னைப் பெற்றதற்காகப் பெருமைப்பட்டேன், மறுக்கமாட்டேன். "அம்மா, உங்களுக்கு நாறுற இந்த ஓட்டுக்குள்ளதான் பழுது பிடிக்காமல் தடுக்கிற சாமான் இருக்கு," என்றாய். ஓட்டைக் கழுவிக் காயவைத்து இடித்து, புளிப்பு நீரில் போட்டுச் சுண்ணாம்பைக் கழற்றி, சோடாக் காரத்தில் போட்டு மிச்சச் சதையைக் கழற்றி, இன்னும் கடுமையான காரத்தில் காய்ச்சினால் வெள்ளைச் சீவல் வரும். அந்தச் சீவலை வினாகிரித் தண்ணீரில் கரைத்துத் தட்டில் வார்த்து உலரவிட்டால் வெங்காயச் சருகு போல ஒரு தாள். மீனை அதில் சுற்றினால் மேலே வழுவழுப்புப் பிடிப்பதும் மணம் மாறுவதும் சில நாட்கள் தள்ளிப்போகும். வேலை முடிந்ததும் மண்ணில் மட்கிவிடும், பிளாஸ்ரிக் பை போல ஆமையின் வயிற்றுக்குள் போகாது. இதையெல்லாம் நீ என் சமையலறையில் நின்று சொன்னாய். காரமும் புளிப்பும் போடும் வேலையை உன் ஆய்வுகூடத்தில் செய்வதாகவும், கழுவுவதும் காயவைப்பதும் கடைசியில் தாள் வார்ப்பதும் எங்கள் வளவில் நடக்கட்டும் என்றும் கேட்டாய். அதற்குப் பெண்கள் வேண்டும் என்றாய்.

பெண்களைத் தேடிப் போனவள் நான். வீடு வீடாகப் போனேன். கம்பனியில் சதை எடுக்கும் பெண்கள் பின்னேரம் வீட்டுக்கு வந்து குளித்தாலும் நண்டு மணம் போகாது. அவர்களிடம் போய் ஓட்டையும் வந்து கழுவு என்று கேட்பது லேசான காரியமா? "ஏன் பெரியம்மா, சதை எடுக்கிறது காணாதெண்டு குப்பையையும் கழுவச் சொல்லுறியளோ?" என்று ஒருத்தி கேட்டாள். என் மகன் பொறுப்பு என்றேன். தாள் சரிவந்தால் அதை வார்க்கும் இடம் பள்ளிமுனையில்தான் இருக்கும், வேறு எங்கும் போகாது, உங்கள் கையால்தான் நடக்கும் என்று நீ எனக்குச் சொன்னதை நான் அவர்களுக்குச் சொன்னேன். ஆறு பேர் வந்தார்கள். முதலில் வந்தவள் செல்வமலர். மலைநாட்டிலிருந்து கலவரத்தில் துரத்தப்பட்டு வெள்ளாங்குளம் பக்கம் வந்து குடியேறிய குடும்பம், அங்கிருந்தும் சண்டையில் ஓடித் திரும்பியவர்கள். இப்போது இங்கே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கம்பனி வேலைக்குப் போகிறாள். அவளை நான்தான் கழுவுகிறவர்களுக்குப் பொறுப்பாக வைத்தேன். அவள் ஓட்டை ஏழு தண்ணீரில் கழுவுவாள். கடைசித் தண்ணீரைக் கையில் அள்ளி மணந்து பார்ப்பாள், மணம் இருந்தால் மறுபடி தொடங்குவாள். யார் செய்த வேலையிலும் குறை கண்டுபிடிக்கிற என்னால் அவள் வேலையில் கண்டுபிடிக்க முடியவில்லை. வினாகிரிக்குக்கூட அவள்தான் வழி சொன்னாள். கடையில் வாங்கியதில் சீவல் கரையாமல் நீ தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, பனங்கள்ளு வினாகிரியைப் போட்டுப் பாருங்கள் என்றவள் அவள். இந்தத் தாளைப் பற்றி நீ எழுதிய கட்டுரையில் அது யார் சொன்னது என்று இருக்கிறதா? நான் ஆங்கிலம் வாசிப்பேன், மறந்துவிடாதே. இல்லை.

முதல் மூன்று தடவை வார்த்த தாள்கள் நன்றாக வேலை செய்தன. நாலாவது தடவை வார்த்தவைதான் கொழும்புக்குப் போனவை. மீன் ஏற்றுமதி செய்கிறவர்கள் பார்ப்பதற்காகப் பாரை மீனைச் சுற்றி ஐஸ் பெட்டியில் போகவேண்டியவை. இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். தாள்கள் உலர்ந்தபோது ஓரம் சுருண்டு, நடுவில் மடிப்பு விழுந்து, கசங்கிய சட்டை மாதிரிக் கிடந்தன. பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கன்வென்ற் பள்ளிக்கூடத்தில் சிஸ்ரர் எங்களுக்குப் பீடத் துணி மடிக்கப் பழக்கும்போது ஒரு மடிப்பு பிசகினால் முழுவதையும் நனைத்து மறுபடி அயன் பண்ண வைப்பார். அன்றிலிருந்து இன்றுவரை நம் கோயில் பீடத் துணி என் கையால்தான் அயன் பண்ணப்படுகிறது. என் வீட்டிலிருந்து கொழும்புக்குப் போகும் ஒன்று அப்படிச் சுருண்டு போவதா? அயன் பெட்டிக்குள் சிரட்டைக் கரியை மூட்டினேன். மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு, ஒவ்வொரு தாளாக அயன் பண்ணினேன். கண்ணாடி போல நிமிர்ந்தன. லேசாக மஞ்சள் தட்டியது. அது அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். பழைய பட்டுத்தாள் போல. ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. துப்புரவு சம்பந்தப்பட்ட விஷயத்தில் எனக்கு யார் என்ன சொல்ல இருக்கிறது என்ற எண்ணம்.

கொழும்பில் பெட்டியைத் திறந்தபோது மீன் வழுவழுத்துப் போயிருந்தது. நீ எனக்குத் தொலைபேசி எடுத்து, தாளில் வேறு ஏதாவது செய்தீர்களா என்று கேட்டாய். நான் பெருமையாகவே சொன்னேன், அயன் பண்ணித்தான் அனுப்பினேன் என்று. சூடு பட்டால் உள்ளே இருக்கும் வினாகிரிப் புளிப்புப் பறந்துவிடும், தாளின் குணமே மாறிவிடும், மீனுக்கு அது வெறும் கடதாசி என்று விளங்கப்படுத்தினாய். அப்போதுதான் நீ அந்த வசனத்தைச் சொன்னாய். "சரி விடுங்கோ அம்மா. இதை ஒருதருக்கும் சொல்லாதேங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

நான் சொல்லவில்லை. என் வெட்கத்துக்கு அது வசதியாக இருந்தது. நீ பார்த்துக்கொள்வாய் என்றால், தாள் பிழைத்துவிட்டது, சரிவரவில்லை, மறுபடி வார்ப்போம் என்று எழுதுவாய் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று கோயிலில் முழந்தாளிட்டும் சொல்வேன். ஆனால் கேட்டிருக்கலாம். என்ன எழுதப் போகிறாய் என்று ஒரு கேள்வி. கேட்கவில்லை. அந்தப் பிழை எனக்கு.

மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு வியாழக்கிழமை பத்து மணியிருக்கும், செல்வமலர் வாசலில் நின்றாள். கம்பனியில் நிற்கவேண்டிய நேரம். கையில் இரண்டு பேசின், அதற்குள் நான் கொடுத்த கையுறைகள், ஏப்ரன், எல்லாம் தோய்த்துக் காயவைத்து மடித்து. உள்ளே வா என்றேன். வரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். உன் அறிக்கை கம்பனிக்கு வந்திருக்கிறது. மேற்பார்வையாளர் அதைத் தமிழாக்கி, சதை எடுக்கும் மேசைகளுக்கு நடுவில் நின்று வாசித்திருக்கிறார். கழுவும் பெண்களின் சுகாதாரக் குறைவால் ஓட்டில் கிருமி தங்கிவிட்டது, அதனால் பரிசோதனை பிழைத்தது. ஆட்களின் பெயர் இல்லை. பெயர் எதற்கு? கழுவுகிறவர்களுக்குப் பொறுப்பு யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஓடு கழுவத் தெரியாத கை வெளிநாட்டுக்குப் போகும் சதையைத் தொடக்கூடாது என்று அவளை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். நண்டுச் சதை எடுக்கிற ஒருத்தியைப் பார்த்து உன் கை அழுக்கு என்று சொன்னால், இந்தக் கரையில் அவளை வேறு எந்தக் கம்பனி எடுக்கும்?

"நான் ஒழுங்காத்தான் கழுவுனேம்மா," என்றாள். அழவில்லை. "உங்க மகன் படிச்சவரு. அவரு சொன்னா அது அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு. எங்க தப்புப் பண்ணேன்னு நீங்களாவது சொல்லுங்களேன்."

மகனே, அந்தக் கேள்வி உன் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. தன் கையைத் தானே சந்தேகப்படும் அளவுக்கு அவளைக் கொண்டுவந்து விட்டாய். வாசலில் வைத்தே அவளுக்கு உண்மையைச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு வசனத்தைச் சொல்ல இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. அவள் பேசினைத் திண்ணையில் இறக்கி வைத்தாள். "அயன் பண்ணீங்களா?" என்றாள். பிறகு, "தாளையா?" என்றாள். அவள் உதடு ஒருபக்கம் கோணியது. சிரிப்பை அடக்குகிறாளா, கோபத்தை அடக்குகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருந்தது.

அன்று பின்னேரம் உனக்குத் தொலைபேசி எடுத்தேன். நீ என்ன சொன்னாய் என்பது ஞாபகம் இருக்கிறதா? ஆராய்ச்சிப் பொருளைத் தாய் அயன் பண்ணினாள் என்று எழுதினால் சிரிப்பார்கள், வெளிநாட்டு இடமும் போய்விடும் என்றாய். அதையாவது பொறுப்பேன், பயத்தில் சொன்னது என்று. அடுத்ததாகச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "நான் உங்களைத்தானே அம்மா காப்பாத்தினனான்." எந்த உரிமையில்? நான் உன்னிடம் ஒளிய இடம் கேட்டேனா? எழுபத்திரண்டு வயதில், வேலை தவிர ஒன்றும் இல்லாத ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் என்னைக் கொண்டுபோய் ஒளித்துவிட்டு, அதற்கு நான் நன்றி சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறாயா?

இதை நீ எங்கே படித்தாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னிடம்தான் படித்தாய். சண்டையின் ஆரம்ப வருடங்களில் முகாமில் நாங்கள் இருந்த காலம். உனக்குப் பத்து வயது. பௌசர் வண்டி மூன்று நாளைக்கு ஒருமுறை வந்து நிரப்பும் தண்ணீர்த் தாங்கி. ஒருநாள் பகல் யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் போய், தண்ணீர் முழுவதும் மணலுக்குள் போய்விட்டது. முகாமே கொதித்தது. பக்கத்துக் கொட்டிலில் இருந்தது மலைநாட்டுக் குடும்பம். அவர்களின் பிள்ளைகள்தான் என்று யாரோ சொல்ல, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நீ நனைந்த சட்டையோடு கொட்டிலுக்குள் நின்றாய். நான் அந்தச் சட்டையைக் கழற்றி அடுப்புக்கு மேலே காயப்போட்டேன். வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குடும்பம் அன்று பின்னேரமே கொட்டிலைப் பிடுங்கிக்கொண்டு முகாமின் கடைசிக்குப் போனது. உன் அப்பா சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன்ர கன்வென்ற் இதைத்தான் படிப்பிச்சதோ?" என்று கேட்டுவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் காலை அவர்களிடம் போய் உண்மையைச் சொன்னவர் அவர். நான் போகவில்லை. உன்னையும் அனுப்பவில்லை. ஒரு மன்னிப்புக் கேட்கும் வேலையை ஆம்பிளையிடம் விட்டுவிட்டு, சட்டை காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. அவர் பஸ் ஏறி உன் ஆய்வுகூட வாசலில் நின்றிருப்பார்.

இந்தமுறை நான் போனேன். நல்ல சேலை உடுத்து, கம்பனிக்குப் போனேன். அறிக்கையை எங்கே வாசித்தார்களோ அந்த மேசைகளுக்கு நடுவில் நின்று சொல்லவேண்டும் என்றேன். மேற்பார்வையாளர் கதிரை தந்தார். இருக்கவில்லை. சொன்னேன். பெண்கள் சதை எடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர் நல்ல மனிதர்தான், மரியாதையாகவே பேசினார். ஆனால் பேசியது இது. "அம்மா, மகனைப் போல டொக்டர் ஒராள் எழுதித் தந்தது ரிப்போட். நீங்கள் சொல்லுறது கதை. கதையை வச்சு நான் ஒராளைத் திருப்பி எடுக்கேலாது."

எனக்கு அவரில் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி. முப்பது வருடம் கந்தோரில் இருந்தவளுக்கு அது தெரியாதா? கடதாசியில் வந்த பிழையைக் கடதாசிதான் திருத்தவேண்டும். ஆனால் என்னால் முடிந்ததைச் செய்தேன். நாலாவது தடவை வார்த்ததில் அயன் படாத தாள்கள் சில, ஓரம் கிழிந்தவை என்று நான் ஒதுக்கி வைத்தவை, அலுமாரிக்குள் இருந்தன. அதே ஓடு, செல்வமலர் கழுவிய அதே ஓடு. அந்தத் தாள்களில் ஒன்றை அன்றைக்குப் போலவே அயன் பண்ணினேன். ஒரே வலையில் வந்த இரண்டு பாரையை வாங்கினேன். ஒன்றை அயன் பண்ணிய தாளிலும் மற்றதை அயன் படாத தாளிலும் சுற்றி, ஒரே ஐஸ் பெட்டியில் வைத்தோம். நாட்களை எண்ணி, ஆறு பெண்களையும் கூப்பிட்டு என் சாப்பாட்டு மேசையில் பிரித்தோம். ஒன்று கண் பளிச்சென்று இருந்தது. மற்றதைத் தொட்டால் விரலோடு நூல் வந்தது. செல்வமலர் குனிந்து மணந்து பார்த்துவிட்டு, "இது அம்மாவோட அயன் மீன்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டில், என் மேசையில், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் முடியவில்லை. மீனைக் கொண்டுபோய்ப் புதைத்தேன்.

உன் தாள் நல்ல தாள். அதைச் சொல்லத்தான் இந்தச் சோதனையையும் எழுதினேன். நீ அதை வேலைக்காகாத ஒன்றாக இங்கே விட்டுவிட்டு, வேறு நாட்டில், வேறு ஓட்டில், நல்ல கைகளோடு மறுபடி தொடங்கப் போகிறாய். இங்கே குவியல் மறுபடி உயர்கிறது. ஆறு பெண்களில் ஒருத்தியும் இனி ஓடு கழுவ வரமாட்டாள். கழுவினால் கிடைக்கும் பெயர் என்ன என்று கண்டுவிட்டார்கள். என் வாக்கை நம்பி வந்தவர்கள். இந்த ஊரில் என்னிடம் வாக்கைத் தவிர வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

ஆகையால் நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கெஞ்சவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கம்பனிக்கு உன் கையெழுத்தோடு ஒரு திருத்த அறிக்கை வரவேண்டும். ஓடு சரியாகக் கழுவப்பட்டது என்றும், உலர்ந்த தாள்களை உன் தாய் அயன் பண்ணியதால் பரிசோதனை பிழைத்தது என்றும் அதில் இருக்கவேண்டும். "ஒரு வெளி ஆள்" என்று எழுதாதே. உன் தாய் என்று எழுது, என் பெயரை முழுதாக எழுது. கழுவியவள் பெயரையும், வினாகிரி சொன்னவள் பெயரையும் எழுது. அது ஒரே பெயர்தான். பிரதி ஒன்றை உன் பேராசிரியருக்கு அனுப்பு. நான் அனுப்பலாம், முகவரி என்னிடம் இருக்கிறது. அனுப்பமாட்டேன். அதை நீதான் செய்யவேண்டும். வெளிநாட்டு இடம் போனால் போகட்டும். இங்கே இரண்டு அறையும் ஒரு கிணறும் இருக்கிறது. கண்டல் ஓரத்தில் உனக்கு ஆராய்ச்சிக்குப் பொருளும் குறைவில்லை. எழுதாமல் விமானம் ஏறினால், அங்கிருந்து எனக்குத் தொலைபேசி எடுக்காதே. உன் குரல் கேட்டால் நான் இளகிவிடுவேன். அதனால்தான் சொல்கிறேன், எடுக்காதே.

கடைசியாக ஒன்று. இரண்டாவது பக்கத்தில் ஓர் இடம் வெட்டித் திருத்தியிருப்பதைக் கண்டிருப்பாய். என் கையிலிருந்து வெட்டு விழுந்த கடதாசி வெளியே போனதை நீ ஒருநாளும் பார்த்ததில்லை. கடிதத்தை எழுதி முடித்ததும் செல்வமலரைக் கூப்பிட்டு முதலில் அவளுக்கு வாசித்தேன். முகாம் கதை வந்தபோது அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஏதாவது பிழை இருக்கிறதா என்று கேட்டேன். "ஒன்னு இருக்கும்மா," என்றாள். "நாலு தண்ணின்னு போட்டிருக்கீங்க. நான் ஏழு தண்ணி கழுவுனேன்."

இவ்வளவு காலம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், எண்ணவில்லை. புதுக் கடதாசி எடுத்து முழுவதையும் திருப்பி எழுதக் கை போனது. பிறகு வேண்டாம் என்று விட்டேன். நாலை வெட்டி, மேலே ஏழு என்று எழுதினேன். அவள் பார்த்துத் தலையாட்டினாள். வெட்டு அப்படியே உன்னிடம் வருகிறது. நீ எழுதும்போதும் ஏழு என்றே எழுது.

அம்மா